பிரயாணம் இல்லாத கட்டுச்சோறு

சைவச் சமையல் செய்கிற சகோதரிகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த பக்கத்துத் தொடர்கதைக்குப் போய்விட வேண்டாம். இந்த வாரம் மீனைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் குழம்பு வைக்கக் கற்றுக் கொடுக்கப் போவதில்லை. விஷயம் மீனில் ஆரம்பித்து, உங்கள் வீட்டுக் கூடத்தில் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருக்கிறாரே, அவரிடம் வந்து முடியும். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டுச் சாய்வு நாற்காலிக்கு உடையவர் என் அப்பா. போன ஐப்பசியில், அடைமழை பெய்த ஓர் இரவில், மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி, ஊசி, மருந்து, பத்து நாள் கண்விழிப்பு எல்லாம் ஆயிற்று. தெய்வாதீனமாகப் பிழைத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மருந்துச் சீட்டின் அடியில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். ஒன்று: வாரத்தில் இரண்டு நாள் கொழுப்புள்ள கடல் மீன். இரண்டு: தினம் அரை மணி நேரம் நடை.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன டாக்டர் இது? வெண்ணெய் கூடாது, நெய் கூடாது, ஆட்டுக்கறி கூடாது என்கிறீர்கள். கொழுப்புள்ள மீன் மட்டும் தின்னலாமா?" என்று கேட்டாள்.

"கொழுப்பிலே பல ரகம் உண்டு, அம்மா" என்று சிரித்துவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சீட்டின் முதல் வரியை அப்பா சிரத்தையாகப் பின்பற்றினார். மீன் தின்ன அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை! இரண்டாவது வரிதான் சீட்டிலேயே தங்கிவிட்டது. காலையில் பனி, பகலில் வெயில், மாலையில் கொசு. நடப்பதற்கு எது நல்ல நேரம் என்று பஞ்சாங்கத்திலும் போடவில்லை.

இப்படி இருக்கையில், பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிற என் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஐஸ் போட்ட பெட்டியில் ஒரு பெரிய மீன் துண்டம் கொண்டுவந்தான். "நார்வேயிலிருந்து விமானத்தில் வந்த சால்மன், அம்மா! அப்பாவுக்கு இதைவிட நல்லது கிடையாது" என்றான். ஆரஞ்சு வர்ணச் சதை. நடுநடுவே கோலம் இழுத்தாற்போல் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். அம்மா அதை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். வாணலியில் ஒரு சொட்டு எண்ணெய்கூட விடாமல் போட்டாள். மீன் தன் எண்ணெயிலேயே வதங்கியது.

"ஏண்டி, இது என்னத்தைத் தின்று இப்படிக் கொழுத்தது? உடம்பை அசைத்து வேலையே செய்யாதோ?" என்றாள் அம்மா.

அம்மா விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் இதே இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் பல வருஷங்களாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது, புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தீனி என்ன? நீச்சல் எவ்வளவு? வளர்ப்பு மீனின் கொழுப்புக் கணக்கு முழுவதும் இந்த இரண்டில் அடங்கியிருக்கிறது.

முதலில் சால்மன் மீனின் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். அது ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து முட்டையிடுகிற மீன். பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வருவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் பிறந்த வீட்டில் விருந்து கிடையாது. ஆற்றுத் தண்ணீரில் நுழைந்ததும் சால்மன் சாப்பாட்டை நிறுத்திவிடுகிறது. வெள்ளத்தை எதிர்த்து நீந்த வேண்டும், பாறைகளைத் தாண்டிக் குதிக்க வேண்டும், முட்டைகளை வளர்க்க வேண்டும். மாதக் கணக்கில் நீளும் இந்தக் காரியத்துக்கெல்லாம் கைமுதல், கடலில் இருந்தபோது சதையில் சேர்த்து வைத்த கொழுப்புத்தான். அம்மா பார்த்த அந்த வெள்ளைக் கோடுகள் வேறொன்றுமில்லை. நீண்ட பிரயாணத்துக்காக அந்த மீன் கட்டிவைத்த கட்டுச்சோறு!

எல்லா மீனும் கொழுப்பை ஒரே இடத்தில் வைப்பதில்லை. சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினோமே, காட்லிவர் ஆயில், அது காட் என்ற மீனின் ஈரலில் எடுப்பது. அந்த மீனின் சதையில் கொழுப்பு நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. முழுவதையும் ஈரலில் பூட்டி வைத்திருக்கும். சால்மனோ சதையிலும் வயிற்றைச் சுற்றியும் வைக்கிறது. ஒருத்தி பணத்தைப் பெட்டியில் பூட்டுகிறாள். இன்னொருத்தி நகையாகப் பண்ணிப் போட்டுக்கொள்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி நார்வே தேசத்துக்குப் போவோம். 1970-ஆம் வருஷம் ஹித்ரா என்ற தீவில் குரோன்ட்வெட் என்ற குடும்பப் பெயருள்ள இரண்டு சகோதரர்கள் சுமார் 20,000 சால்மன் குஞ்சுகளைக் கடலில் மிதக்கும் வலைக்கூண்டில் விட்டு வளர்த்துப் பார்த்தார்கள். வியாபாரம் பலித்தது. இன்றைக்கு அங்கே ஒரு பெரிய கூண்டின் குறுக்களவு 50 மீட்டர் இருக்கிறது. ஒரு கூண்டில் 2,00,000 மீன்களுக்கு மேல் விடக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். அங்கேயே வளர்ந்து நாலைந்து கிலோ எடை வந்ததும் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள்.

பார்த்தீர்களா? இந்த மீனுக்குக் கடலைச் சுற்றும் வேலை இல்லை. இரை தேடும் கவலை இல்லை. ஆற்றை எதிர்த்து ஏறும் நாளும் வரப் போவதில்லை. ஆனால் உடம்புக்கு அது தெரியுமா? போகாத பிரயாணத்துக்கு அது பாட்டுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டே இருக்கிறது. நூறு கிராம் காட்டுச் சால்மனில் கொழுப்பு சுமார் 6 கிராம் என்றால், வளர்ப்புச் சால்மனில் சுமார் 13 கிராம்.

இதில் தீனியின் பங்கு பெரிது. ஆரம்பத்தில் கொடுத்த தீனியில் கொழுப்பு பத்தில் ஒரு பங்கு போல இருந்தது. பிற்பாடு அது மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் ஏறிவிட்டது. ஏன் என்று கேட்பீர்கள். வீட்டில் விறகு இல்லாவிட்டால் என்ன செய்வோம்? கதவுக்கு வாங்கி வைத்த தேக்கு மரத்தைப் பிளந்து அடுப்பில் வைக்க வேண்டியதுதான். புரதம் என்பது தேக்கு. உடம்பைக் கட்டுகிற சாமான், விலையும் அதிகம். கொழுப்பு என்பது விறகு. எரிப்பதற்குக் கொழுப்பைத் தாராளமாகக் கொடுத்துவிட்டால், மீன் புரதத்தை எரிக்காமல் சதையாக்கிக்கொள்ளும். சீக்கிரம் வளரும். மாவுப் பண்டத்தைக் கொடுக்கலாமே என்றால், சால்மன் மாமிசம் தின்னும் மீன். மாவுச் சத்தைச் சமாளிக்க அதற்குச் சாமர்த்தியம் போதாது. நீரிழிவுக்காரர் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட கதைதான். ஆகவே விறகு என்றால் அதற்குக் கொழுப்புத்தான். எரித்தது போக மிஞ்சும் விறகு எங்கே போகும்? கொல்லையில் அடுக்கத்தான் வேண்டும். அதுவே வெள்ளைக் கோடு.

இதுவரை சொன்னது கொழுப்பின் அளவைப் பற்றி. டாக்டர் சொன்ன ரகத்துக்கு இப்போது வருவோம்.

மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைந்துபோய்ப் பாட்டிலை வெயிலில் வைக்கிறோம் அல்லவா? ஐஸ் போன்ற கடல் தண்ணீரில் வாழ்கிற மீனின் உடம்புக் கொழுப்பு அப்படி உறைந்தால் அதன் கதி என்ன? ஆகவே எந்தக் குளிரிலும் இளகியே இருக்கும் ஒரு ரகக் கொழுப்பு அதற்கு வேண்டும். அந்த ரகத்தில் முக்கியமானதைத்தான் ஒமேகா-3 என்கிறார்கள். நம்முடைய இருதயத்துக்கும் மூளைக்கும் வேண்டியது என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் ஒரு ரகசியம்: கடல் மீனிலுள்ள ஒமேகா-3-இல் பெரும்பகுதியை மீன் தானாகத் தயாரிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத கடல் பாசிகள் தயாரிக்கின்றன. பாசியைச் சிறு பூச்சிகள் தின்கின்றன. அவற்றைச் சிறு மீன்கள். சிறு மீன்களைச் சால்மன். மாமியாரிடமிருந்து மருமகளுக்கு, மருமகளிடமிருந்து அவள் மருமகளுக்கு என்று கைமாறுகிற அட்டிகை மாதிரி வந்து சேர்கிறது. சால்மன் தானாகவும் கொஞ்சம் செய்துகொள்ளும். ஆனால் அது போதாது.

கூண்டு மீனுக்கு இந்த அட்டிகை எப்படி வரும்? தீனி மூலமாகத்தான் வர வேண்டும். 1990-இல் நார்வேயின் சால்மன் தீனியில் நூற்றுக்கு 90 பங்கு மீன் தூளும் மீன் எண்ணெயுமாக இருந்தது. 2013-இல் அது நூற்றுக்கு 30 பங்காகக் குறைந்துவிட்டது. மீதியிடத்தைச் சோயாவும், கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்ஸீட் எண்ணெயும் மற்றச் செடி வகைகளும் பிடித்துக்கொண்டன. பலன் என்ன? ஸ்காட்லாந்தின் வளர்ப்புச் சால்மனை ஸ்டர்லிங் சர்வகலாசாலைக்காரர்கள் சோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். 2006-க்கும் 2015-க்கும் இடையே, முக்கியமான ஒமேகா-3 சத்துக்கள் பாதியாகக் குறைந்திருந்தன. முன்பு ஒரு துண்டில் கிடைத்தது இப்போது இரண்டு துண்டு தின்றால்தான் கிடைக்கும். மீனைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே ஆரஞ்சு நிறம் இருக்கும். அந்த நிறமும் தீனியில் கலந்து வருவதுதானே!

மீன் வளர்ப்பவர்களை நான் குற்றம் சொல்ல வரவில்லை. கடலில் உள்ள சிறு மீனையெல்லாம் அரித்துப் பிடித்துப் பெரிய மீனுக்குப் போட்டுக்கொண்டிருந்தால் கடல் தாங்குமா? அந்த நியாயமும் இருக்கிறது. பாதியாகக் குறைந்தும்கூட, வளர்ப்புச் சால்மனில் ஒமேகா-3 பல உணவுகளைவிட அதிகமாகவே இருக்கிறது. கடைசிச் சில மாதங்கள் மட்டும் மீன் எண்ணெய் கலந்த தீனி கொடுத்தால் ரகம் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். சிறு மீனைத் தொந்தரவு செய்யாமல் பாசியிலிருந்தே எண்ணெய் எடுத்துத் தீனியில் சேர்ப்பதும் இப்போது ஆரம்பமாகியிருக்கிறது. எப்படியானாலும் முடிவு ஒன்றே: எந்த எண்ணெயைத் தின்றதோ, அந்த எண்ணெய்தான் அதன் உடம்பில் இருக்கும்.

சரி, அம்மாவின் இரண்டாவது கேள்வி? வேலை?

இதற்கு நீங்கள் சமையலறையிலேயே சாட்சி பார்த்திருக்கிறீர்கள். கானாங்கெளுத்தியையோ சூரையையோ நறுக்கும்போது, தோலுக்கு அடியில் பக்கவாட்டில் நீளமாகக் கருஞ்சிவப்புச் சதை ஒன்று ஓடுமே, அதுதான் மீனின் நடைச் சதை. நிதானமாக, நாள் முழுவதும் நீந்துவதற்கு அந்தச் சதை. ரத்த ஓட்டம் அதிகம். கொழுப்பை எரிக்கும் அடுப்பும் அதில்தான் அதிகம். மற்ற வெள்ளைச் சதை பயந்து பாய்ந்து ஓடுவதற்கு. அது அவசரத்துக்குச் சேமிப்பிலுள்ள சர்க்கரையை எரித்துவிட்டுச் சீக்கிரம் களைத்துப் போகும். தினம் நிதானமாக நீந்துகிற மீனுக்குச் சிவப்புச் சதை பலப்படுகிறது. கொழுப்பு விறகு ஒழுங்காகச் செலவாகிறது.

கூண்டு மீன் சும்மா கிடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பகலெல்லாம் கூட்டமாக, கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல வட்டமடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் நீரோட்டம் உள்ள இடத்தில் கட்டிய கூண்டுக்கும், அசையாத தண்ணீரில் கட்டிய கூண்டுக்கும் உழைப்பில் வித்தியாசம் உண்டு.

மீனை நீந்த வைத்து அளப்பதற்குக் கருவி செய்தவர்களில் பிரெட் என்ற கனடா தேசத்து விஞ்ஞானி முக்கியமானவர். ஒரு குழாய்க்குள் தண்ணீரை வேண்டிய வேகத்தில் ஓடவிட்டு, எதிர்த்து நீந்தும் இளம் சால்மன் எவ்வளவு பிராணவாயு செலவழிக்கிறது என்று கணக்கெடுத்து 1964-இல் வெளியிட்டார். அவருக்குப் பின் பலர் மீன்களை வாரக் கணக்கில் இப்படி நீந்தப் பழக்கிப் பார்த்தார்கள். வினாடிக்குத் தன் உடம்பு நீளம் போல ஒரு மடங்கு, ஒன்றரை மடங்கு தூரம் என்று மிதமான வேகத்தில் நீந்திய மீன்கள், சும்மா இருந்தவற்றைவிடப் பல சோதனைகளில் நன்றாக வளர்ந்தன. தீனி வீணாகவில்லை. எதிர்நீச்சல் போடும்போது எல்லாம் ஒரே திசையில் முகம் வைத்துக்கொள்வதால், ஒன்றை ஒன்று கடிக்கும் சண்டையும் குறைந்தது! 2011-இல் வெளிவந்த ஒரு சோதனையில், பயிற்சி பெற்ற சால்மன்கள் நோயையும் மேலாகத் தாங்கின. ஆனால் அளவுக்கு மிஞ்சி விரட்டினால் பலன் தலைகீழ். 1977-இல் டிரவுட் மீன்களை அதிவேகத்தில் நீந்த வைத்தபோது வளர்ச்சி குன்றிப் போயிற்று.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நீந்திய மீனெல்லாம் இளைத்துவிடவில்லை. வயிறு நிறையத் தீனி எதிரில் இருந்தால், நீந்திவிட்டு வந்து அதிகமாகத் தின்கிறது. சதைக் கொழுப்பு அப்படியே இருந்துவிடுவதும் உண்டு. நடந்துவிட்டு வருகிற வழியில் மெதுவடை தின்கிறவர்களை உங்களுக்குத் தெரியாதா?

என்னைக் கலங்க வைத்த செய்தி இனிமேல்தான். 2003-இல் நார்வே விஞ்ஞானிகள் காட்டுச் சால்மனின் இருதயத்தையும் வளர்ப்புச் சால்மனின் இருதயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கடலைச் சுற்றிய மீனின் இருதயம் கூர்மையான கோபுரம் போல முக்கோணமாக இருந்தது. கூண்டில் வளர்ந்த மீனின் இருதயமோ கூர் மழுங்கி, உருண்டையாக இருந்தது. அதன் மேல் கொழுப்பும் படிந்திருந்தது. இத்தகைய இருதயமுள்ள மீன்கள், ஒரு கூண்டிலிருந்து இன்னொரு கூண்டுக்கு மாற்றும் அதிர்ச்சியைக்கூடத் தாங்காமல் போகக்கூடும் என்பது அவர்கள் கருத்து. பரம்பரை, வளரும் வேகம் என்று வேறு காரணங்களும் இதில் உண்டு. ஆனாலும் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஆக, தீனி செய்வதை நீச்சல் செய்யாது. நீச்சல் செய்வதைத் தீனி செய்யாது. எந்த ரகக் கொழுப்பு உடம்பில் சேருகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தீனி. சேர்ந்ததை எப்படிச் செலவழிப்பது, சதையும் இருதயமும் எப்படி உரம் பெறுவது என்பது நீச்சலைப் பொறுத்தது. எவ்வளவு உயர்ந்த மீன் எண்ணெயைப் போட்டாலும் கூண்டு மீனுக்குக் கோபுர இருதயம் வந்துவிடாது. நாள் முழுவதும் நீந்தினாலும் ரேப்ஸீட் எண்ணெய் ஒமேகா-3 ஆகிவிடாது. டாக்டர் சீட்டில் ஒரு வரிக்குப் பதிலாக இரண்டு வரி எழுதியது இதனால்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது. மீனும் மனிதனும் ஒன்றல்ல. ஆனாலும் இந்தப் பாடத்தை மீனிடம் கற்றுக்கொள்வதில் நமக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை.

மீன் வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கொழுப்புள்ள கடல் மீன் என்றதும் விமானத்தில் வருவதையே தேட வேண்டாம். நம் கரையில் பிடிபடும் மத்தியும் கானாங்கெளுத்தியும் கடலில் சுற்றி, தாமாக இரை தேடித் தின்ற மீன்கள், ஒமேகா-3 நிறைந்தவை, விலையும் கையைக் கடிக்காது. மார்க்கெட்டில் 'இந்தியன் சால்மன்' என்று விற்பது நம்முடைய காலா மீன். நல்ல மீன்தான், ஆனால் நார்வே சால்மனுக்கு உறவு இல்லை. குளத்தில் வளர்கிற ரோகுவும் கட்லாவும் வேறு வம்சம். அவை மாவுச் சத்தைச் செரித்துக்கொள்ளும். தவிடும் புண்ணாக்கும் தின்று வளர்ந்து நல்ல புரதம் தரும். ஆனால் டாக்டர் கேட்ட ரகக் கொழுப்பை மத்தியளவுக்கு அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. தவிட்டில் அது இல்லையே! மற்றபடி, இருதய நோய்க்காரர்கள் எதைத் தின்பது, எவ்வளவு நடப்பது என்பதை அவரவர் டாக்டரைத்தான் கேட்க வேண்டும். நான் பத்திரிகைக்காரி, மருந்துச் சீட்டு எழுத எனக்கு உரிமை இல்லை.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே கேட்டார். உருண்டை இருதயம் வந்ததும் பேசவில்லை. நானும் மேலே ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு நான் இன்னும் வளரவில்லை.

மறுநாள் காலை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "எங்கே கிளம்பிவிட்டீர்கள்?" என்றாள்.

"மத்தி வாங்க" என்றார் அப்பா.

மார்க்கெட்டு எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேர நடை. அன்று அவரால் பாதி தூரம்தான் போக முடிந்தது. ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, வெறும் பையோடு திரும்பி வந்தார். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, மோர் கொடுத்தாள். அதற்கு அடுத்த வாரம் பிள்ளையார் கோயில் வரை போனார். நேற்று மார்க்கெட்டுக்கே போய், பேரம் பேசி, அரைக் கிலோ மத்தி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

சாய்வு நாற்காலி காலியாக இருந்த அந்த அரை மணி நேரமும் அம்மா வாசற்படியைவிட்டு நகரவில்லை.